நேற்றைய போட்டியாளர், நாளைய வாக்காளர்: 2001 நியூயோர்க் மேயர் தேர்தல் தரும் பாடம்

நியூயோர்க் மாநகரில் ஜனநாயகக் கட்சி தோற்பது எளிதில் நடக்கக்கூடிய காரியமல்ல. 2001ஆம் ஆண்டில் அந்நகரின் பதிவுபெற்ற வாக்காளர்களில் குடியரசுக் கட்சியினர் ஒருவருக்கு ஜனநாயகக் கட்சியினர் ஏறத்தாழ ஐவர் என்ற கணக்கு இருந்தது. அவ்வாறிருந்தும் அவ்வாண்டு நவம்பரில், அதற்கு முன்னர் எந்தத் தேர்தலிலும் நின்றிராத கோடீஸ்வரர் ஒருவர் குடியரசுக் கட்சியின் சார்பில் போட்டியிட்டு மேயரானார். மைக்கேல் புளூம்பேர்க் என்ற அந்த மனிதரின் பணபலத்தைப் பற்றியும் செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்திய மனநிலையைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றது. அவரைத் தோற்கடித்திருக்க வேண்டிய கட்சி, தேர்தலுக்கு 26 நாட்களுக்கு முன்னர் தன்னைத்தானே எவ்வாறு பிளந்துகொண்டது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரைக் கட்சித் தலைமை நியமிப்பதில்லை. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே அவரைத் தெரிவுசெய்கின்றனர்; நியூயோர்க்கில் அக்கட்சிக்காரர்களாகத் தம்மைப் பதிவுசெய்துகொண்டவர்களே அதில் வாக்களிக்கின்றனர். இலங்கையில் இந்த முறை இல்லை. வேட்பாளர் பட்டியலைத் தலைமைதான் தயாரிக்கின்றது. ஆனால் 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் விருப்பு வாக்கு முறை நமக்குப் பழக்கமாகிவிட்டதால், ஒரே சின்னத்தில் நிற்பவர்கள் ஒருவர் சுவரொட்டிமேல் மற்றவர் சுவரொட்டியை ஒட்டுவதையும், எதிர்க்கட்சிக்காரரைவிடச் சொந்தக் கட்சிக்காரருக்கே அதிகம் அஞ்சுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஒரு வேறுபாடு மட்டும் முக்கியமானது. விருப்பு வாக்குச் சண்டையும் பொதுத்தேர்தலும் நமக்கு ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. பிரைமரியில் சண்டை முதலில் நடக்கின்றது; அதில் புண்பட்டவர்களிடம்தான் வென்றவர் சில வாரங்களில் மீண்டும் சென்று வாக்குக் கேட்க வேண்டியிருக்கின்றது.

நாற்பது வீத விதி

2001இன் கதையை விளங்கிக்கொள்ள 1969ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஐவர் போட்டியிட்டனர். முன்னாள் மேயர் றொபேர்ட் வாக்னர், புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹேர்மன் படியோ ஆகியோருடன் நாவலாசிரியர் நோர்மன் மெய்லரும் களத்தில் இருந்தார். வாக்குகள் சிதறியதால், மூன்றிலொரு பங்கு வாக்குகளைக்கூட முழுமையாகப் பெறாத மாரியோ புறொக்கசினோ கட்சியின் வேட்பாளரானார். பதவியிலிருந்த மேயர் ஜோன் லின்ட்சே குடியரசுக் கட்சியின் பிரைமரியிலேயே தோற்று, லிபரல் கட்சியின் சார்பில் நின்றவர். அப்படிப்பட்டவரிடமே புறொக்கசினோ பொதுத்தேர்தலில் தோற்றார்.

சிறுபான்மை வாக்கில் வந்த வேட்பாளரால் கட்சியை ஒன்றுதிரட்ட முடியாது என்பதே இதிலிருந்து பெறப்பட்ட படிப்பினை. எனவே, நகர மட்டப் பதவிகளுக்கான பிரைமரியில் எவரும் 40 வீதம் பெறாவிடின் முதலிரு இடங்களில் வந்தோர் இரண்டாம் சுற்றில் மோதவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதலாவது இரண்டாம் சுற்று 1973இல் நடந்தது. ஏப்ரகாம் பீம் படியோவைத் தோற்கடித்தார். கறுப்பினத்தவரும் லத்தீன் வம்சாவளியினரும் முதற்சுற்றில் முந்தினாலும் இரண்டாம் சுற்றில் வீழ்த்தப்படவே இவ்விதி உதவுகின்றது என்ற குற்றச்சாட்டு பின்னாளில் நீதிமன்றம்வரை சென்றது. 1985இல் சமஷ்டி மாவட்ட நீதிமன்றம் விதியைச் செல்லாதென்றது. அதே ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

1977இன் இரண்டாம் சுற்றில் எட்வேர்ட் கொச்சும் மாரியோ குவோமோவும் மோதினர். கொச் திருமணமாகாதவர். அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று இழிவாகக் குறித்து, குவோமோவுக்கு வாக்களிக்கச் சொல்லும் சுவரொட்டிகள் குயீன்ஸ் பகுதியில் தோன்றின. தமக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று குவோமோ மறுத்தார். கொச் வென்றார். ஆனால் குவோமோ ஒதுங்கவில்லை. லிபரல் கட்சியின் வேட்பாளராகப் பொதுத்தேர்தலிலும் நின்று மீண்டும் தோற்றார். அந்தச் சுவரொட்டியின் கசப்பு இருவருக்குமிடையே பல்லாண்டுகள் நீடித்தது.

கட்சிக்கு ஒற்றுமை தேட இயற்றப்பட்ட விதி, இரண்டே பேர் நேருக்குநேர் மோதும் களத்தை உருவாக்கிவிட்டது. பலர் நிற்கும் களத்தில் ஒருவரைத் தாக்கினால் இலாபம் மூன்றாமவருக்குப் போகலாம். இருவர் மட்டும் நிற்கையில் எதிரியிடமிருந்து உதிரும் ஒவ்வொரு வாக்கும் தாக்கியவருக்கே நன்மை.

செப்டெம்பர் 11 அன்று

2001இல் மேயர் ருடோல்ப் ஜூலியானி பதவிக்கால வரம்பின் காரணமாக மீண்டும் போட்டியிட முடியாதிருந்தார். எட்டாண்டுகள் கைவிட்டுப்போன நகரசபையை மீட்கும் வாய்ப்பு ஜனநாயகக் கட்சிக்குக் கிட்டியது. அதன் பிரைமரியில் முக்கிய வேட்பாளர்களாக நால்வர் நின்றனர். டேவிட் டின்கின்ஸ் மேயராயிருந்தபோது நுகர்வோர் விவகார ஆணையாளராகவும், பின்னர் பொதுமக்கள் சார்பாளர் என்ற நகர மட்டப் பதவியிலும் இருந்த மார்க் கிறீன் முன்னணியில் இருப்பதாகவே கணிப்புகள் கூறின. புறொங்ஸ் பகுதியின் தலைவர் பெர்னாண்டோ ஃபெரர், நகரசபைச் சபாநாயகர் பீற்றர் வலோன், நகரக் கணக்காய்வுத் தலைவர் அலன் ஹெவெசி ஆகியோர் ஏனையோர்.

வாக்களிப்பு நாள் செப்டெம்பர் 11. காலை 6 மணிக்கு வாக்குச்சாவடிகள் திறந்தன. 8.46க்கு முதலாவது விமானம் உலக வர்த்தக மையத்தில் மோதியது. கொழும்பில் அப்போது மாலை ஆறே முக்கால் மணி. நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்த எங்களுக்கு, அன்றிரவு வந்து குவிந்த செய்திகளுக்கிடையே அந்நகரில் அன்று நடந்துகொண்டிருந்த தேர்தல் ஒன்று நிறுத்தப்பட்டது என்பது இரண்டு வரித் தகவலாகவே கிடைத்தது. உலகின் பெரும்பாலான பத்திரிகைகளில் அந்த இரண்டு வரிகூட வந்திராது. ஆயினும் அந்த இரண்டு வரிக்குள் ஒரு மாநகரின் அடுத்த பன்னிரண்டாண்டு வரலாறு அடங்கியிருந்தது.

பிரைமரி செப்டெம்பர் 25இல் மீண்டும் நடந்தது. ஃபெரர் ஏறத்தாழ 35 வீதமும் கிறீன் 31 வீதமும் பெற்றனர். எவரும் 40ஐ எட்டாததால் இரண்டாம் சுற்று ஒக்டோபர் 11க்குக் குறிக்கப்பட்டது.

ஃபெரர் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். வென்றிருந்தால் நியூயோர்க்கின் முதலாவது லத்தீன் வம்சாவளி மேயராகியிருப்பார். வளம்பெற்ற மான்ஹட்டனுக்கு அப்பால் புறக்கணிக்கப்பட்ட "மற்றைய நியூயோர்க்" ஒன்று உண்டு என்பதே அவரது முழக்கம். சுகாதார ஊழியர் தொழிற்சங்கத் தலைவர் டெனிஸ் ரிவேராவும் கறுப்பின மதகுருவான அல் ஷார்ப்டனும் அவர் பக்கம் நின்றனர். டின்கின்ஸை 1989இல் முதலாவது கறுப்பின மேயராக்கிய கூட்டணி புத்துயிர் பெறுவதுபோல் தோன்றியது. மறுபுறம், வெள்ளையின நடுத்தர வகுப்பினர் பலருக்கு ஷார்ப்டனின் பெயரே அச்சமூட்டுவதாக இருந்தது.

இதற்கிடையில் ஜூலியானி, நெருக்கடியைக் காரணங்காட்டித் தமது பதவிக்காலத்தை மூன்று மாதங்கள் நீடிக்கவேண்டும் என்றார். கிறீன் உடன்பட்டார், ஃபெரர் மறுத்தார். நீடிப்புக்கு மாநிலச் சட்டசபை இசையவில்லை. ஆனால் ஜூலியானியை ஒருபோதும் விரும்பாத கறுப்பின, லத்தீன் வாக்காளரிடையே ஃபெரரின் மதிப்பு உயர்ந்தது. கிறீன் பின்தங்கத் தொடங்கினார்.

விளம்பரமும் துண்டுப்பிரசுரமும்

பின்தங்குபவர் தாக்குவது தேர்தல் வழமை. இரண்டாம் சுற்றின் கடைசி நாட்களில் கிறீன் தரப்பு தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. தாக்குதலுக்குப் பிந்திய மீள்கட்டுமானம் பற்றிய ஃபெரரின் திட்டத்தை நியூயோர்க் டைம்ஸ் கண்டித்திருந்ததை எடுத்துக்காட்டி, இத்தகையவரை நம்பிப் பரீட்சித்துப் பார்க்க நம்மால் முடியுமா என்ற கருத்துப்பட அது முடிந்தது. ஒரு வேட்பாளரின் திட்டத்தை விமர்சிப்பதில் தவறில்லை. ஆனால் நகரின் முதலாவது லத்தீன் மேயராகக்கூடிய ஒருவரை ஓர் "ஆபத்து" என்று காட்டியதில், அந்த மக்கள் வேறு அர்த்தத்தைக் கண்டனர்.

அதைவிடக் கொடியது வேறு வடிவில் வந்தது. ஃபெரர் ஷார்ப்டனின் பின்புறத்தை முத்தமிடுவதாக நியூயோர்க் போஸ்ட் பத்திரிகையில் வெளியான கேலிச்சித்திரம், துண்டுப்பிரசுரமாக அச்சிடப்பட்டு புறூக்ளின், குயீன்ஸ் ஆகிய இடங்களின் வெள்ளையினக் குடியிருப்புகளில் விநியோகிக்கப்பட்டது. ஃபெரர் வென்றால் ஷார்ப்டனின் செல்வாக்கே நகரசபையில் ஓங்கும் என்று எச்சரிக்கும் தொலைபேசி அழைப்புகளும் சென்றன. இவை பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று கிறீன் கூறினார். அவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாக எவரும் நிறுவவுமில்லை.

ஒக்டோபர் 11இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வாக்களித்தனர். கிறீனுக்கு 51 வீதம்; ஃபெரருக்கு 49 வீதம். வேறுபாடு ஏறத்தாழ 16,000 வாக்குகள். கிறீன் வென்றார். ஆனால் தம்மோடு வரவேண்டிய மக்களில் ஒரு பகுதியினரை அந்த வெற்றியாலேயே இழந்தார்.

இவ்விடத்தில் கிறீனின் கடந்தகாலத்தையும் நினைவுகூர்வது நியாயம். பொலிஸ் அத்துமீறல்களைப் பற்றிக் குரலெழுப்பியவர் அவர். ஜூலியானியுடன் ஓயாது மோதியவர். கறுப்பின மக்களிடையே நற்பெயர் பெற்றிருந்தவர். இருபதாண்டுகளாகச் சேர்த்த அந்த நற்பெயர் இரண்டு வாரங்களுக்குள் ஆட்டங்கண்டது. பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில் தமது பெயரால் நடப்பவற்றுக்கு எல்லை வகுக்காத வேட்பாளர் ஒருவர், அவற்றைத் தாமே செய்யாதபோதும் அவற்றின் விலையைச் செலுத்த நேர்கின்றது.

இருபத்தாறு நாட்கள்

பொதுத்தேர்தலுக்கு 26 நாட்களே இருந்தன. புண் ஆற அது போதவில்லை. துண்டுப்பிரசுரத்துக்குப் பொறுப்பானவர்களைக் கண்டறிய வேண்டும் என்று ஃபெரரின் ஆதரவாளர் கோரினர். ஷார்ப்டன் கிறீனை ஆதரிக்க மறுத்தார். ஃபெரரின் ஆதரவு உதட்டளவிலேயே இருந்தது. ஒற்றுமையைக் காட்டவென்று ஏற்பாடான முயற்சிகள் கடைசி நேரத்தில் குலைந்தன.

மறுபக்கத்தில் புளூம்பேர்க் தமது சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 7 கோடியே 40 இலட்சம் டொலரைச் செலவிட்டார். முன்னர் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தவர் என்பதால் அக்கட்சியினர் அவருக்கு வாக்களிப்பதில் தயக்கம் குறைவு. தாக்குதலின் பின் நாடெங்கும் போற்றப்பட்ட ஜூலியானி ஒக்டோபர் இறுதியில் அவரை ஆதரித்தார். தாம் மேயராக இருந்திருந்தால் ஜூலியானியைப் போல, ஏன் அவரைவிடச் சிறப்பாகவும் நெருக்கடியைக் கையாண்டிருப்பேன் என்று கிறீன் பேட்டியொன்றில் கூறியதை, புளூம்பேர்க் தரப்பு விளம்பரமாக்கி ஒளிபரப்பியது.

நவம்பர் 6ஆம் திகதி முடிவு: புளூம்பேர்க் 744,757, கிறீன் 709,268. வேறுபாடு 35,489. அதாவது 18 ஆயிரத்துக்கும் குறைவானோர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

தோல்விக்கு ஒற்றைக் காரணம் காட்டுவது வரலாறெழுதும் முறையல்ல. வாக்களித்து வெளிவந்தோரிடம் நடத்திய கருத்துக்கணிப்புகளின்படி லத்தீன் வாக்காளரில் ஏறத்தாழப் பாதிப்பேரும் கறுப்பினத்தவரில் நால்வருக்கு ஒருவரும் புளூம்பேர்க்குக்கு வாக்களித்தனர். 1997இல் ஜூலியானியும் லத்தீன் வாக்காளரில் 10க்கு 4 பேருக்கு மேற்பட்டோரின் ஆதரவைப் பெற்றிருந்தார் என்பதால், இம்மாற்றம் முழுவதையும் பிரைமரியின் கணக்கில் எழுதிவிட முடியாது. பணமும், தாக்குதலும், ஜூலியானியின் ஆதரவும் தத்தம் பங்கை ஆற்றின. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இத்தனை நெருக்கமான போட்டியில் எந்தக் காரணமும் சிறிதல்ல. அவற்றுள் பணமும் தாக்குதலும் கிறீனின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. சொந்தக் கட்சியின் சரிபாதியினரை அவமதிக்கப்பட்டவர்களாக உணரச்செய்யாதிருப்பது அவரது தரப்பினரின் கையிலேயே இருந்தது.

எண்களைத் திரும்ப நோக்கினால் இது விளங்கும். இரண்டாம் சுற்றில் ஃபெரருக்கு வாக்களித்தோர் ஏறத்தாழ 3 இலட்சத்து 87 ஆயிரம் பேர். அவர்களில் 20 பேருக்கு ஒருவர் புளூம்பேர்க் பக்கம் சாய்ந்தாலே, 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வேறுபாட்டை விளக்கப் போதுமானது. உட்பிளவு ஒரு கட்சியைத் தோற்கடிப்பதற்குப் பெருங்கலகம் வேண்டியதில்லை. சிலர் மனங்கசந்து அணி மாறினாலோ, இன்னும் சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டாலோ போதும்.

பின்னர் நடந்தவை

2005ஆம் ஆண்டுப் பிரைமரியில் ஃபெரர் மீண்டும் நின்றார். முதல் எண்ணிக்கையில் 40 வீதத்துக்கு மயிரிழையில் குறைந்தார். இரண்டாமிடத்தில் வந்த அன்ரனி வீனர், கட்சியின் ஒற்றுமையைக் காரணங்காட்டி மறுநாளே விலகினார். பின்னர் முழுவாக்குகளும் எண்ணப்பட்டபோது ஃபெரர் 40ஐக் கடந்திருந்தார். நான்காண்டுகளுக்கு முந்திய காயம் கட்சியின் நினைவில் இருந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும் நவம்பரில் ஃபெரர் ஏறத்தாழ 20 வீத வேறுபாட்டில் புளூம்பேர்க்கிடம் தோற்றார். ஒற்றுமை இல்லாவிட்டால் தோல்வி வரலாம். ஒற்றுமை இருப்பதால் மட்டும் வெற்றி வந்துவிடாது. புளூம்பேர்க் மூன்று தடவைகள் வென்று 2013 இறுதிவரை பதவியிலிருந்தார்.

2019இல் நகர வாக்காளர் பெரும்பான்மையால் இரண்டாம் சுற்று முறை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பிரைமரியில் ஐவர்வரை விருப்ப வரிசையில் குறிக்கும் முறை வந்தது. இலங்கை வாசகர்களுக்கு இது அந்நியமானதல்ல. நமது ஜனாதிபதித் தேர்தலில் மூவர்வரை வரிசைப்படுத்தலாம். 2024 செப்டெம்பரில் முதன்முறையாக அந்த இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணப்பட்டதையும் கண்டோம். இம்முறையில் போட்டியாளரின் ஆதரவாளரும் எனக்கு இரண்டாம் விருப்பத்தைத் தரக்கூடியவர். அவரைப் புண்படுத்தினால் நட்டம் எனக்கே, அதுவும் அன்றைய தினமே. கிறீனுக்கு 26 நாட்கள் கழித்து வந்துசேர்ந்த விலைச்சீட்டை இம்முறை உடனடியாக நீட்டுகின்றது.

2021இல் எரிக் அடம்ஸ் 7,197 வாக்குகளால் கத்ரின் கார்சியாவை வென்றார். கார்சியாவும் அன்ட்ரூ யாங்கும் கடைசி நாட்களில் சேர்ந்து பிரசாரம் செய்தனர். அதுவும் இனச்சாயம் பூசப்பட்டு விமர்சிக்கப்பட்டது. 2025 ஜூனில் சொஹ்ரான் மம்தானியும் பிரட் லான்டரும் ஒருவரையொருவர் இரண்டாம் விருப்பமாகக் குறிக்குமாறு தத்தம் ஆதரவாளரைக் கேட்டனர். மம்தானி வென்றார். அதே பிரைமரியில், அன்ட்ரூ குவோமோவை ஆதரித்த குழுவொன்று தயாரித்த துண்டுப்பிரசுர வரைவில் மம்தானியின் தாடி அடர்ந்து கருத்ததாக மாற்றிக் காட்டப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்தது, அது அனுப்பப்படவில்லை என்று அக்குழு கூறியது. பிரைமரியில் தோற்ற குவோமோ, தம் தந்தை மாரியோ 1977இல் செய்ததைப் போலவே பொதுத்தேர்தலிலும் தனித்து நின்றார். தந்தையைப் போலவே தோற்றார்.

எனவே விதிகள் மாறினால் அரசியல்வாதிகள் தூய்மையடைந்துவிடுவர் என்று நான் கூறவரவில்லை. சேறு பூசுவது இலாபமா நட்டமா என்ற கணக்கை மட்டுமே விதிகள் மாற்றுகின்றன. ஆனால் தேர்தல் அரசியலில் அந்தக் கணக்கு சிறிய விடயமல்ல.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் செய்திகளை எழுதிவருபவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கின்றேன். எதிர்க்கட்சிக்காரர் பேசிய கடுஞ்சொல்லை மக்கள் தேர்தலோடு மறந்துவிடுகின்றனர். அவர் அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிடுகின்றனர். தம்மவர் என்று நம்பியிருந்தவர் பேசியதை அவ்வாறு மறப்பதில்லை. அதிலும் அது வேட்பாளரைத் தாண்டி அவரது இனத்தையோ, மதத்தையோ, ஊரையோ, சாதியையோ தொட்டுவிட்டால், புண்படுவது ஒருவரல்லர். மேடையில் இருவரும் கைகோத்து நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். துண்டுப்பிரசுரத்தைத் தன் வீட்டு வாசலில் கண்டெடுத்தவனுக்கு அந்தப் புகைப்படம் எதையும் ஈடுசெய்வதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளூராட்சித் தேர்தல்களில் நமது இளைஞர்கள் போட்டியிடும் காலம் இது. கட்சிக்குள்ளேயே தமிழருக்கெதிராகத் தமிழர் நிற்கும் நிலைமையும் எங்கேனும் ஏற்படலாம். அவ்வேளையில், வாக்குக் கேட்கப் புறப்படுமுன் அந்த 35,489 என்ற எண்ணை ஒருதடவை நினைத்துக்கொள்வது நல்லது.